அந்த 3 மில்லிமீட்டர் யார் கணக்கு?

கண்ணாடிக் கடைகளை நடத்தும் தலைமை அலுவலகத்தாருக்கு,

வணக்கம். நான் ஒரு கண்ணாடிக் கடையில் அசிஸ்டென்ட் மேனேஜர். மேனேஜர் விடுப்பில் போனால் நான்தான் மேனேஜர், ஆள் வராத நாளில் விற்பனையாள், பிரேமில் திருகு கழன்றால் மெக்கானிக். அதிலெல்லாம் வருத்தமில்லை. கடை அடைத்தபின் உங்களுக்கு அனுப்பும் கணக்கில்தான் வருத்தம். எத்தனை ஜோடி விற்றது, எத்தனை பேர் இரண்டாவது ஜோடி எடுத்தார்கள், எத்தனை பேர் தலையில் லென்ஸ் மேல் பூசும் கோட்டிங்கைக் கட்டினோம் என்று தினமும் கேட்கிறீர்கள். எத்தனை கண்ணாடி திரும்பி வந்தது என்பது மாதக் கடைசியில் ஒற்றை எண்ணாக வரும். ஏன் வந்தது என்று எழுத அதில் இடமே இல்லை.

போன மாதம் ஓர் அம்மா புரோகிரெசிவ் கண்ணாடியோடு (ஒரே லென்ஸில் மேலே தூரப்பார்வை, கீழே போகப்போகக் கிட்டப்பார்வை) வந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இப்படிக் குனிஞ்சாத்தான் தூரத்துல இருக்கிறது தெரியுது." கோபப்படக்கூட இல்லை, தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்திருந்தார் பாவம். "பழக ரெண்டு வாரம் ஆகும்மா" என்று முதல் தடவை அனுப்பியதும் நாங்கள்தான்.

லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்து, சட்டென்று கண்ணில் படாத அந்தப் பொறிப்புக் குறிகள் இரண்டையும் தேடிப் புள்ளி வைத்தேன். லென்ஸ் கம்பெனி அட்டையில் வைத்துச் சிலுவைக் குறியை வரைந்து, அவருக்கே மறுபடி மாட்டிவிட்டேன். கண்மணிக்கு நேராக நிற்க வேண்டிய குறி 3 மி.மீ. மேலே நின்றது. கூட்ட நேரத்தில், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன பையன், பிரேம் மூக்கில் சரிந்திருந்தபோதே லென்ஸில் கண்மணி நிற்கும் உயரத்தை அளந்துவிட்டான். டெலிவரி அன்று நான் மூக்குப் பட்டையை நெருக்கிப் பிரேமைத் தூக்கிவிட்டேன். கூடவே குறியும் ஏறிவிட்டது. ஆக, பாதித் தப்பு என்னுடையது. முதலில் பிரேமைச் சரிசெய், பிறகு அள என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியவனும் நானே. அன்று நான் கல்லாவில் இருந்தேன்.

ஒற்றைப் பவர் லென்ஸ்தானே என்றும் விட முடியாது. மைனஸ் 6 லென்ஸின் மையம் கண்மணியைவிட்டு 5 மி.மீ. விலகினால் 3 பிரிசம் ஏறிக்கொள்ளும், அதாவது வெளிச்சம் அந்த அளவுக்கு ஒரு பக்கமாக வளைந்து கண்ணுக்கு வரும். பவர் சரியாகவே இருக்கும், பவரை அளக்கும் லென்ஸோமீட்டரும் பவர் சரி என்றே காட்டும். போட்டவருக்குத்தான் தலைவலி. நம்மிடம் புகார் சொல்லாமல் கண்ணாடியை மேசைக்குள் போட்டுவிட்டு வேறு கடைக்குப் போகிறவர்கள் உங்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

டார்கெட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடை ஓடினால்தான் எங்களுக்கும் சம்பளம். ஆனால் ராத்திரி அனுப்பும் கணக்கில் திரும்பி வந்த கண்ணாடிக்கும் அதன் காரணத்துக்கும் ஒரு வரி கொடுங்கள். யார் மேல் தப்பு என்று பிடிக்க அல்ல. அப்படி ஆக்கினால் எல்லோரும் "வாடிக்கையாளருக்குப் பழகவில்லை" என்றே எழுதுவோம். புரோகிரெசிவ் அளக்கும் பத்து நிமிடத்தை வேலை நேரமாக எண்ணுங்கள். புது ஆள் அளந்ததை இன்னொருவர் பார்த்த பிறகே ஆர்டர் போகட்டும். சனிக்கிழமை கூட்டத்தில் இதற்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாவின் மாற்று லென்ஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. மாட்டி, படிக்கச் சொல்லி, வாசல்வரை நடந்துவிட்டு வரச் சொல்லித்தான் கொடுப்பேன். அன்றைய கணக்கு கொஞ்சம் தாமதமாக வரும்.

இப்படிக்கு,
ஓர் அசிஸ்டென்ட் மேனேஜர்