வாசுகிக்கு: செல்லோவைப் பதிவு செய்வது பற்றி

அன்புள்ள வாசுகி,

உன் கடிதமும், கூடவே நீ வில் போட்டுச் செல்லோ வாசித்து அனுப்பிய மூன்று ஒலிப்பதிவுகளும் கிடைத்தன. மகளுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்ததைப் படித்ததும் மனசு நிறைந்துபோனது. இங்கே எல்லாரும் நலம். ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை.

"ஆறு மாதமாகியும் ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை, பதிவைக் கேட்டாலே சோர்ந்துபோகிறது" என்று எழுதியிருக்கிறாய். மூன்றையும் கேட்டேன். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. ஒன்று கூடத்தில், மின்விசிறி சுழலச் சுழல எடுத்தது. இன்னொன்றில் கைப்பேசி உன் மடிக்கருகே இருந்திருக்கிறது. மூன்றாவதில் ஒலியைக் குறைக்கும் ரப்பர் மியூட். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் பிள்ளையின் உயரம் பார்ப்போம் இல்லையா? நிலை அசையாமல் இருந்தால்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் உண்டு.

ஆகவே முதலில் இடம். உன் வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையே போதும். நாற்காலியின் முன்கால்கள், செல்லோவின் அடிக்கம்பியான எண்ட்பின் ஊன்றும் புள்ளி, கைப்பேசித் தாங்கி மூன்றுக்கும் தரையில் டேப் ஒட்டிவிடு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3 மீட்டர் இருந்தால் 57, 114 ஹெர்ட்ஸ் அருகே அறையே சேர்ந்து முழங்கும். சி, ஜி, டி, ஏ என்ற நான்கு தந்திகளில், ஜி தந்தியில் நீ வாசிக்கும் ஏ ஸ்வரம் 110 ஹெர்ட்ஸ். அது மட்டும் பூதாகரமாகக் கேட்பதற்கு உன் வில் காரணமாக இருக்காது. அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அந்த முழக்கமும் மாறிவிடும். டேப் ஒட்டச் சொல்வது அதனால்தான்.

கைப்பேசி உன்னிடமிருந்து 2 மீட்டர் தள்ளி, தந்திகளைத் தாங்கும் குதிரையைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். அடியில் ஒரு துண்டை மடித்து வை, இல்லாவிட்டால் எண்ட்பின் வழியாகத் தரைக்குப் போகும் அதிர்வு மைக்குக்கும் ஏறும். அருகில் வைத்தால் வில் மயிரின் உரசல்தான் பெரிதாகக் கேட்கும். எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு அதில் பெரும்பகுதி எட்டாது.

பதிவுச் செயலியின் அமைப்பில் இரைச்சல் நீக்கத்தையும் தானாக ஒலி கூட்டிக் குறைப்பதையும் அணைத்துவிடு. இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தால் மென்மையாக வாசித்ததும் அழுத்தி வாசித்ததும் ஒரே அளவில் வந்து விழும். நீண்ட ஒற்றை ஸ்வரத்தை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும் செயலிகளும் உண்டு. அமுக்காத வடிவத்தில் பதிவு செய்தால் மோனோவில் நிமிடத்துக்கு 5 மெகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும், அவ்வளவுதான். எனக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப் குரல்செய்தியாக வேண்டாம், கோப்பாக இணைத்து அனுப்பு. நீ கேட்பதும் காதொலிக்கருவியில் இருக்கட்டும். சி தந்தியின் அடிநாதம் 65 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் குட்டி ஒலிபெருக்கியில் அது வரவே வராது. "சி தந்தி தகரம் மாதிரி இருக்கிறது" என்று நீ எழுதியதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். இறக்கைகள் ஒலியை வெட்டி வெட்டித் திருப்புவதால், நீ செய்யாத ஒரு நடுக்கம் பதிவில் ஏறிவிடுகிறது. குளிர்சாதனம் ஓடிய அறையில் அதை நிறுத்திய கையோடு வாசிக்காதே. ஈரப்பதம் ஏற ஏற மரமும் தந்தியும் நகரும். சுருதி கூட்டி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி சரிபார்த்த பிறகு பதிவைத் தொடங்கு. மழைக்காலத்தில் வில் மயிர் தளர்ந்துபோகும். திருகை எத்தனை சுற்று திருப்பினாய் என்று எண்ணுவதில் பயனில்லை. வில்லின் நடுவில் மரத்துக்கும் மயிருக்கும் இடையே ஒரு பென்சில் நுழைகிறதா என்று பார். தந்தியை முறுக்கும் பிருடை இறுகிப்போனால் பலம்கொண்டு திருகாதே, பிராஸ் பாசா பக்கம் இசைக் கடைகளில் காட்டு.

விசிறி இல்லாமல் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஐந்து நிமிடம் தாங்கும். அதற்குள் முடிகிற மாதிரி மூன்றே உருப்படிகள்: ஒன்று, நான்கு தந்திகளையும் விரல் வைக்காமல், மெட்ரோனோம் 60இல் வில்லுக்கு நான்கு எண்ணிக்கை வீதம் நான்கு வில்; இரண்டு, அதே வேகத்தில் சி மேஜர் ஆரோகணம் அவரோகணம், இரண்டு ஸ்தாயி; மூன்று, இப்போது பாடம் நடக்கும் துண்டில் எட்டு பார் (தாளக் கட்டம்). மூன்றாவது மாறலாம். முதல் இரண்டையும் ஒரு வருடத்துக்குத் தொடாதே. தொடக்கத்தில் தேதியைச் சொல்லி, சுருதி காட்டும் ட்யூனரின் ஏ ஒலியை மூன்று வினாடி விடு. அன்று செல்லோவே இறங்கியிருந்ததா என்பதை ஆறு மாதம் கழித்தும் அதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். பயிற்சியின் ஆரம்பத்திலேயே, முதல் டேக்கை வைத்துக்கொள். பத்து டேக்கில் நல்லதைப் பொறுக்கினால் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டத்தின் பதிவு. கோப்பின் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் தானாகவே அடுக்கிக்கொள்ளும்.

இனி உன்னை ரொம்பப் படுத்தியிருக்கும் விஷயம். டி தந்தியில் முதல் விரலில் வரும் இ ஸ்வரம் ஒவ்வொரு முறையும் 20 சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) குறைவு என்று ட்யூனர் செயலி காட்டுகிறதாம், விரலில் ஏதோ கோளாறு என்கிறாய். ஆரோகணத்தில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உன் விரல் சரியாகத்தான் இருக்கிறது வாசுகி! சி-யை ஸட்ஜமாக வைத்தால் இ அந்தர காந்தாரம். திறந்த, அதாவது விரல் வைக்காத, ஜி-யோடு சேர்த்து இழுத்து, அதிர்வு அடங்கி இனிமையாகச் சேரும் இடத்தைக் காதால் தேடு: அங்கே இ, ஜி-யின் 5/3 மடங்கு. அதே இ-யைத் திறந்த ஏ தந்தியோடு இழு. இப்போது உறுத்தும். விரலை ஒரு மயிரிழை மேலே தள்ளினால்தான் சேரும். இந்த மேல் இ, ஜி-யின் 27/16 மடங்கு. இரண்டுக்கும் வித்தியாசம் 81/80, ஏறத்தாழ 22 சென்ட். ட்யூனரில் மேல் இ சுமார் 2 சென்ட் கூடுதலாகவும், கீழ் இ சுமார் 20 சென்ட் குறைவாகவும் காட்டும். பாட்டு வகுப்பில் பழகிய காது உன்னைக் கீழ் இ-க்கு அழைத்துப் போயிருக்கிறது. சுற்றி வரும் ஸ்வரங்கள் ஏ பக்கம் சாய்ந்தால் மேல் இ வேண்டும். இரண்டையும் தனித்தனியாக, தினமும் இரண்டு நிமிடம் பழகு.

நாலாம் விரலுக்கு ட்யூனரே வேண்டாம். டி தந்தியில் ஜி வாசித்து வில்லை எடு. விரல் சரியான இடத்தில் இருந்தால் திறந்த ஜி தந்தி தானாக ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த வால் பதிவில் தெளிவாகக் கேட்கும். இரண்டாவது பதிவில் உனக்கு அது இல்லை, மூன்றாவதில் மியூட் போட்டும் லேசாக இருக்கிறது. முன்னேற்றம் என்று நான் கேட்டது அது.

பதிவை அன்றே கேட்காதே. மறுநாள், ஒரு முறை சுருதிக்கு மட்டும், ஒரு முறை தாளத்துக்கு மட்டும், ஒரு முறை வில் திரும்பும் இடங்களுக்கு மட்டும் கேள். குறிப்பில் "மோசம்" என்று எழுதாமல், எந்த வினாடியில் என்ன நடந்தது என்று எழுது. கரகரத்தால் மெதுவான வில்லில் பாரம் மிஞ்சியிருக்கிறது. கீச்சிட்டால் வேகத்துக்குப் பாரம் போதவில்லை. சி தந்தி தாமதமாகப் பேசும் தந்தி. தாளம் பின்தங்கினால் அங்கே வில் தந்தியைப் பிடித்த பிறகு நகர்கிறதா என்று பார். ஒரு வாரத்துக்கு ஒரு குறையைத் திருத்தினால் போதும். விரல் தந்தியில் விழும் சத்தத்தைக் குறையாக எழுதாதே. 1936 முதல் 1939 வரை செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் பதிவு செய்த, பாக் செல்லோவுக்கு எழுதிய சூட்டுகளிலேயே (நடனத் தொகுப்புகளிலேயே) அது கேட்கிறது.

காணொளி மாதம் ஒரு தடவை போதும். பின்பக்கக் கேமராவில் எடு, முன்பக்கம் சில கைப்பேசிகளில் இடம் வலம் மாற்றிக் காட்டும். வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்று பார்க்க நேர் எதிரே வை. இடது கட்டைவிரல் இரண்டாம் விரலுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பார்க்க உன் இடப்பக்கம் வை.

இரவு வெகுநேரமானால் அண்டை வீட்டாருக்காக மியூட் போடத்தான் வேண்டும். அந்தப் பதிவுகளைத் தனிக் கோப்புறையில் போடு. நாத வளத்தை அவற்றில் தேடாதே, சுருதி பார்க்கப் பயன்படும்.

அடுத்த பதிவில் கீழ் இ, மேல் இ இரண்டையும் தலா நான்கு வில் வாசித்து அனுப்பு. ஞாயிறு தேக்கா பக்கம் வந்தால் சொல், மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிட வா.

அன்புடன்,
கமலா