கையொப்பம் இடுவதற்கு முன்

ஹரோ, இலண்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை சொன்ன அதே நாளில் வந்ததால், மகிழ்ச்சியோடுதான் பிரித்தேன். கடைசிப் பக்கத்தை வாசித்தபோது அந்த மகிழ்ச்சி போய்விட்டது. உன் கடையில் நிற்கும் தம்பிக்கு உன் பெயரில் கைத்தொலைபேசி ஒப்பந்தம் ஒன்று எடுத்துக் கொடுக்கப் போவதாகவும், மாதாமாதம் அவன் காசைக் கையில் தந்துவிடுவான் என்றும் எழுதியிருக்கிறாய். சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன் இதை முழுவதும் வாசி. வெட்கத்தினால் இத்தனை வருடம் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இன்று எழுதுகிறேன்.

2019 ஒக்டோபரில் நானும் இதையேதான் செய்தேன். என்னோடு உணவகத்தில் வேலை செய்த ஒருவருக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. இந்த நாட்டில் அவருக்குக் கடன் வரலாறு, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான பதிவு, எதுவும் இல்லாததால் இரண்டு கடைகள் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தன. மாதம் 38 பவுண், 24 மாதம் என்று என் பெயரில் கையொப்பமிட்டேன். மொத்தம் 912 பவுணுக்குப் பொறுப்பேற்கிறேன் என்பதை அன்று நான் கூட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு மாதம் அவர் சம்பள நாளன்றே இரண்டு இருபது பவுண் தாள்களை என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மிச்சம் இரண்டு பவுணை வாங்க மறுத்தார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் தம்பி நல்லவன் என்பதையே நீ காரணமாக எழுதியிருக்கிறாய்.

2020 மார்ச்சில் உணவகங்கள் மூடப்பட்டன. வேலை போனதும் அவர் மலிவான இணைப்பொன்றைத் தேடியிருக்கிறார். 2019 ஜூலையிலிருந்து இங்கே 65075 என்ற இலக்கத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும், உடனே ஒரு குறியீடு வரும்; அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் அடுத்த வேலை நாளில் இலக்கம் அங்கே மாறிவிடும். குறுஞ்செய்தியை அனுப்புவது கருவியைக் கையில் வைத்திருப்பவர், ஒப்பந்தத்தில் பெயர் இருப்பவர் அல்லர். இலக்கத்தோடு கணக்கும் போய்விட்டது என்றே அவர் நம்பினார். எனக்கு வந்ததோ, ஒப்பந்தம் இடையில் முறிந்ததால் மிஞ்சிய மாதங்களுக்கான முன்கூட்டிய முறிவுக் கட்டணம்: 610 பவுண், ஒரே கட்டணப் பட்டியலில். சம்பளத்தில் 80 சதவீதம் மட்டும் வந்துகொண்டிருந்த அந்த மாதத்தில் என் வங்கிக் கணக்கில் அவ்வளவு காசு இல்லாததால், கணக்கிலிருந்து நிறுவனம் தானாக எடுக்கும் டைரக்ட் டெபிட் திரும்பிப் போனது.

நிறுவனத்தை அழைத்தேன். என்னை உறுதிப்படுத்த ஒரு பாதுகாப்புக் குறியீட்டை அனுப்புவதாகச் சொன்னார்கள். எந்த இலக்கத்துக்கு என்று கேட்டேன். கணக்கில் பதிந்த இலக்கத்துக்குத்தான், அதாவது அவருடைய கையில் இருந்த தொலைபேசிக்கு. என்னுடைய கணக்கைப் பற்றி நானே கதைப்பதற்கு வேறொருவர் தொலைபேசியை எடுக்க வேண்டியிருந்தது, அந்த நேரம் பார்த்து அவர் எடுக்கவில்லை.

அதன் பிறகு நான் செய்தது பெரிய பிழை. "பாவித்தவர் நான் அல்ல, நான் ஏன் கட்ட வேண்டும்" என்று மாதக்கணக்கில் வாதாடினேன். ஊரில் என் அப்பா பக்கத்து வீட்டுக்காரருக்குச் சங்கக் கடனுக்குப் பிணை நின்றது உனக்கு நினைவிருக்கும். அந்தப் பத்திரத்தில் கடன் வாங்கியவரின் பெயர் முதலில் இருந்தது, அப்பாவின் பெயர் அதற்குக் கீழே இருந்தது. சங்கத்தார் முதலில் அவர் வீட்டுப் படலையைத் தட்டிய பிறகுதான் எங்களிடம் வந்தார்கள். நான் இலண்டனில் கையொப்பமிட்ட தாளில் இரண்டாவது பெயரே கிடையாது. நாம் இதைப் பிணை நிற்பது என்று நினைத்துக்கொள்கிறோம் மச்சான், ஆனால் இங்கே கடனாளியே நாம்தான். நண்பருக்கும் எனக்கும் இடையில் இருந்த வாய்ச்சொல் நிறுவனத்தைப் பொறுத்தவரை இல்லாத ஒன்று.

2020 டிசம்பரில் என் பெயரில் கடன் தவறியதாகப் பதிவாயிற்று. ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதிந்து வைக்கும் எக்ஸ்பீரியன், எக்குவிஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய நிறுவனங்களின் கோப்புகளில் அப்படியொரு பதிவு ஆறு வருடம் இருக்கும். முழுப் பணத்தையும் கட்டினாலும் "கட்டப்பட்டது" என்று குறிப்பார்களே தவிர அழிக்க மாட்டார்கள். 2023இல் எங்கள் வீட்டுக் கடனின் நிலையான வட்டிக் காலம் முடிந்து, வட்டி எல்லா இடமும் ஏறிக் கிடந்த நேரத்தில், குறைந்த வட்டி தருவதாகச் சொன்ன வேறொரு வங்கிக்கு மாற விண்ணப்பித்தோம். அந்தப் பதிவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். கோப்பில் 200 சொற்களுக்குள் நம் பக்க விளக்கத்தைச் சேர்க்க உரிமை உண்டு என்று அறிந்து, சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினேன். மகள் அதைத் திருத்தித் தந்தாள். ஒரு நண்பருக்கு உதவினேன் என்பதை ஒரு குற்றத்துக்கு விளக்கம் போல என் பிள்ளைக்கு முன்னால் எழுதியதுதான் இதில் எனக்கு மிகவும் நொந்தது. அவர் பிறகு 610 பவுணையும் சிறுகச் சிறுகத் தந்து முடித்தார். பதிவு 2026 டிசம்பர் வரை அங்கேயே இருக்கும். கோயிலில் கண்டால் அவர் வேறு பக்கமாகப் போகிறார், நானும் கூப்பிடுவதில்லை.

உன் தம்பிக்கு நீ உதவ வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்குத் தேவையானது ஒரு தொலைபேசியும் ஓர் இணைப்பும், இரண்டு வருட ஒப்பந்தம் அல்ல. பாவித்த கருவியைக் காசு கொடுத்து வாங்கி, முன்பணம் கட்டும் சிம் ஒன்றை அவன் பெயரிலேயே போட்டால் எவருடைய கோப்புக்கும் சேதமில்லை. அவனுக்கு விசா இருப்பதால், பொதுநலவாய நாட்டவன் என்ற முறையில் வாக்காளர் பட்டியலிலும் பதியலாம். இது நம்மவர் பலருக்குத் தெரியாது. முகவரி உறுதியாவதால் அவனுடைய கடன் வரலாறு தொடங்குவதற்கு அது உதவும். இத்தனைக்கும் பிறகும் நீதான் எடுத்துக் கொடுப்பேன் என்றால், மாதக் கட்டணப் பட்டியலுக்கு உச்சவரம்பு வைக்கச் சொல்லி நிறுவனத்திடம் கேள். 2018 ஒக்டோபரிலிருந்து அது வாடிக்கையாளரின் உரிமை, நான் கேட்கவில்லை. ஆனால் முறிவுக் கட்டணத்தை அந்த வரம்பு தடுக்காது என்பதையும் மறந்துவிடாதே.

மகள் புதியது வாங்கியதால் அவளுடைய பழைய கைத்தொலைபேசி இங்கே மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கிறது. ஓரத்தில் ஒரு கீறல், மற்றபடி மின்கலம் ஒரு நாள் தாங்குகிறது. அதைத் துடைத்து, அவளுடைய படங்களை எல்லாம் அழித்து வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை லெஸ்டருக்கு வரும்போது கொண்டு வருகிறேன். தம்பியிடம் அதுவரை பொறுக்கச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்