மெக்னீசியத்தைப் பார்த்தாயா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மூளைப் புறணி நரம்புச் செல்களுக்கு அவற்றைத் தூண்டும் குளூட்டமேட்டை 100 மைக்ரோமோலார் விட்டால் ஃப்யூரா-2 விகிதம் (செல்லுக்குள் உள்ள கால்சியத்தைக் காட்டும் சாயத்தின் அளவீடு) எகிறுகிறது, குளூட்டமேட் ஏற்பிகளில் ஒரு வகையை மட்டும் திறக்கும் என்எம்டிஏவை அதே அளவு விட்டால் அசைவே இல்லை என்கிறாய். மருந்து பழசாகிவிட்டதோ என்று சந்தேகப்படுவதற்கு முன் உப்புக் கரைசலைப் பார். அதில் 1 மில்லிமோலார் மெக்னீசியம் போட்டிருக்கிறாய். ஓய்வு மின்னழுத்தத்தில் அது என்எம்டிஏ ஏற்பியின் துளைக்குள் ஆப்பாகச் செருகி நிற்கும். என்எம்டிஏ தனியாகப் போய் ஒட்டினாலும் கால்சியம் நுழையாது. குளூட்டமேட்டோ ஆம்பா என்ற இன்னொரு வகை ஏற்பிகளையும் திறக்கிறது. சோடியம் புகுந்து மின்னழுத்தம் சுழியை நோக்கி ஏறியதும் ஆப்பு கழன்றுவிடும். 1984-லேயே தெரிந்த விஷயம்தான், ஆனாலும் எல்லோரும் ஒருமுறையாவது இதில் சறுக்குகிறார்கள்.

மெக்னீசியத்தை விட்டுவிட்டு, 2 மில்லிமோலார் கால்சியமும் 10 மைக்ரோமோலார் கிளைசினும் சேர். கிளைசினும் ஒட்டினால்தான் அந்த ஏற்பி திறக்கும். தேங்கிய கரைசலில் செல்கள் கசியவிடும் கிளைசினே போதும். நீ வேகமாக ஓடவிடுவதால் அது அடித்துக்கொண்டு போய்விடும். மெக்னீசியம் இல்லாதபோது செல்கள் தாமாகவே துடிக்கத் தொடங்கும். அந்தத் துடிப்பை நிறுத்தும் டெட்ரோடோடாக்சினை 0.5 மைக்ரோமோலார் போடாவிட்டால் அடிக்கோடு (மருந்து விடுவதற்கு முந்தைய அளவுக்கோடு) நிலைக்காது. என்எம்டிஏ அமிலம் என்பதையும் மறக்காதே: சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 7.4-க்குக் கொண்டுவா. கரைசல் புளித்தால் புரோட்டான்களே ஏற்பியை அடக்கிவிடும்.

குளூட்டமேட் தரும் உயர்வு முழுவதும் ஒரே வாசல் வழியாக வந்தது என்றும் எழுதிவிடாதே. என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் ஏபி5-ஐ 50 மைக்ரோமோலார் போட்டபின் மிஞ்சுவதில் பெரும்பங்கு, மின்னழுத்தம் ஏறினால் திறக்கும் கால்சியம் வாயில்களுடையது. அதை அடைக்க நிஃபெடிபின் வேண்டாம். உன் 340, 380 நானோமீட்டர் ஒளியே அதைச் சிதைத்துவிடும். நிமோடிபின் அவ்வளவு சீக்கிரம் கெடாது. கரைசலில் கால்சியத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தையும் பிடித்துவைக்கும் ஈஜிடிஏ போட்டபின்னும் ஒரு சிறு மேடு தெரிந்தால், அது செல்லின் உள்சேமிப்பிலிருந்து வருவது.

கடைசியாக, சாயம். ஓய்வில் செல்லுக்குள் கால்சியம் சுமார் 100 நானோமோலார். ஃப்யூரா-2-இன் பிரிகை மாறிலி (சாயத்தில் பாதி கால்சியத்தைப் பிடித்திருக்கும் கால்சிய அளவு) 37 டிகிரியில் 224 நானோமோலார், ஆகவே சில மைக்ரோமோலாரிலேயே அது நிரம்பிவிடும். செல்லைக் கொல்லும் அளவு என்எம்டிஏவும், மின்னழுத்தத்தை ஏற்றினாலும் கொல்லாத பொட்டாசியமும் ஒரே உயரமாகத் தெரிவது அதனால்தான். கால்சியத்தைத் தளர்வாகப் பிடிக்கும் மேக்-ஃப்யூரா-2 என்ற சாயத்தின் மாறிலி சுமார் 25 மைக்ரோமோலார். மெக்னீசியத்தையும் சற்றுப் பிடிக்கும் என்றாலும், அதில் இரண்டும் பிரிந்து தெரியும்.

புதிய கரைசலில் எடுத்த வரைபடத்தை, அடிக்கோட்டை வெட்டாமல் அனுப்பு.

அன்புடன்,
ரகு