மானிட்டரைப் பார்த்தது போதும்

கண்ணம்மா,

நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து நீ அனுப்பிய 9 படங்களில் 7, குறைமாதத்தில் பிறந்த உன் பிள்ளையின் மானிட்டர் படம். போனில் பேசினால் பாதியிலேயே இரண்டு பேரும் அழுதுவிடுவோம், அதனால் எழுதுகிறேன்.

"ஏம்மா முனகிக்கொண்டே இருக்கிறான், வலிக்கிறதா?" என்று கேட்டாயே. அது வலி முனகல் இல்லை. நுரையீரலின் குட்டிக் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சர்ஃபாக்டன்ட் என்று ஒன்று ஊறவேண்டும், அது போதுமான அளவு ஊற 34, 35 வாரம் ஆகும், இவன் 30லேயே வந்துவிட்டான். ஒவ்வொரு மூச்சுக்கும் புது பலூனை ஊதுகிற பாடு அவனுக்கு. வெளியே விடும் காற்றைத் தொண்டையில் கொஞ்சம் பிடித்துவைத்தால் அறைகள் முழுசாக மூடாது, யாரும் சொல்லித்தராமலே அதைச் செய்கிறான், கெட்டிக்காரன். அந்தச் சத்தம்தான் முனகல். மூக்கில் மாட்டியிருக்கிற சிபாப்பும், அதாவது விடாமல் காற்றழுத்தம் கொடுக்கிற கருவியும், இதே வேலையைத்தான் செய்கிறது.

அப்புறம், மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 92 காட்டும்போது ஏன் 100 ஆக்கவில்லை என்று நர்ஸிடம் கோபப்படாதே. ஆக்சிஜன் மிஞ்சினால் குறைமாதப் பிள்ளைக்குக் கண்ணின் விழித்திரை கெடலாம், அதற்காகவே 90க்கும் 95க்கும் நடுவில் வைக்கப் பார்ப்பார்கள். மூச்சுவிட மறந்துபோகிறானே, அதற்குத்தான் கஃபீன். ஆமாம், காபியில் இருப்பதேதான்!

"அவனுக்காக நான் ஒன்றுமே செய்யவில்லை" என்கிறாய். பிரசவத்துக்கு முன் 24 மணி நேர இடைவெளியில் உனக்குப் போட்ட 2 ஸ்டீராய்டு ஊசி யாருக்காக? அந்த நுரையீரலைச் சீக்கிரம் பழுக்கவைக்கத்தான். லிகின்ஸ், ஹோவி என்ற 2 டாக்டர்கள் 1972லேயே அதை எழுதிவிட்டார்கள், ஆனால் நீ 31 வாரத்தில் பிறந்தபோது எனக்கு யாரும் போடவில்லை. 12 நாள் உன்னைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். தொட்டால் கிருமி ஒட்டும் என்றார்கள், நானும் நம்பிக்கொண்டு கையைக் கட்டி நின்றேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

இப்போது அப்படியில்லை. சிபாப் மாட்டியிருந்தாலும், நிலைமை சீராக இருந்தால் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளலாம், தோல் மேல் தோல் பட, மணிக்கணக்கில். மூச்சும் இதயத்துடிப்பும் சீராகும், உனக்குப் பாலும் ஊறும். நீ களைத்துப்போனால் மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரட்டும், வெட்கமெல்லாம் அப்புறம். குழாய் இழுபடுமோ என்று பயப்படாதே, நர்ஸ் தூக்கித் தருவார். அவர்களாகக் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே போய்க் கேள்.

அடுத்த படத்தில் எண் வேண்டாம். அவன் காது யார் மாதிரி என்று நான் இன்னும் பார்க்கவில்லை.

அம்மா