தேநீர்க்கலை வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, இந்த ஆண்டு முழுவதையும் ஜப்பானியத் தேநீர்ச் சடங்குக்கே ஒதுக்கினோம். மாதக் கூட்டங்கள் தடங்கலின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வரலாற்றைச் சுருக்கமாகவே பார்த்தோம். சீனாவில் ஜென் பௌத்தம் பயின்று 1191இல் திரும்பிய துறவி எய்சாய் தேயிலை விதைகளோடு வந்தார் என்பது மரபு. முராத்தா ஜுகோ, தக்கேனோ ஜோஓ ஆகியோர் வழியாக எளிய தேநீர் முறை தேநீர்க்கலை ஆசான் சென் நோ ரிக்யூவிடம் (1522–1591) வந்து சேர்ந்தது. நாங்களும் அவரிடம் வந்ததும் அங்கேயே தங்கிவிட்டோம்.

கியோத்தோ அருகே யமாசாகியில் மியோகி-ஆன் கோயிலில் உள்ள தாய்-ஆன் என்ற தேநீர் அறை ரிக்யூ வடிவமைத்ததாகக் கருதப்படுகிறது. விருந்தினரும் உபசரிப்பவரும் அமரும் இடம் இரண்டே ததாமி பாய் அளவு. நான்கு சதுர மீட்டர்கூட வராது. நம் கூடத்தின் தரையில் சுண்ணக்கட்டியால் அந்த அளவுக்குக் கோடு போட்டு உட்கார்ந்து பார்த்தோம். எதிரில் இருப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இத்தகைய அறைகளின் வாசல் பொதுவாக 66 சென்டிமீட்டர் உயரம்தான். உள்நாட்டுப் போர் ஓயாத காலத்தில், சாமுராய் தன் வாளை வெளியே வைத்துவிட்டு, தலைகுனிந்து, முழங்காலால் நகர்ந்து அதற்குள் நுழைந்தார். மரியாதை என்ற கருத்தை ஒரு தச்சு வேலையாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். இந்த ஆண்டு நான் கற்றதில் முதலிடம் இதற்குத்தான்.

காரசாரமான விவாதமும் நடந்தது. ரிக்யூவின் புரவலரும் அன்றைய ஜப்பானின் ஆட்சியாளருமான ஹிதெயோஷி, தங்கத்தால் இழைத்த தேநீர் அறையை 1586இல் அரண்மனைக்கே கொண்டுபோய்ப் பேரரசருக்குத் தேநீர் தந்தவர். அவரிடம் பணியாற்றியவரின் எளிமை செல்வந்தர்களின் விளையாட்டுதானே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனாலும் ரிக்யூவுக்காகக் குயவர் சோஜிரோ செய்த கறுப்புக் கிண்ணங்களைப் பார்த்தால் என்னால் அதை முழுதாக ஏற்க முடியவில்லை. சக்கரத்தில் சுற்றாமல் கையாலேயே பிடித்தவை. சித்திரம் எதுவும் கிடையாது. அந்தக் கறுப்பில் தேநீரின் பச்சை துலங்குகிறது, தடித்த மண் சூட்டைப் பிடித்துவைத்து உள்ளங்கைக்கு இதமாகத் தருகிறது. குடிப்பவரை நினைத்தே செய்த கிண்ணம் அது.

செய்முறை வகுப்புகளில் மெல்லிய தேநீர் மட்டும் பழகினோம். ஒரு கிண்ணத்துக்குச் சுமார் 2 கிராம் மாட்சா என்ற பச்சைத் தேயிலைத்தூள், 70 மில்லி வெந்நீர், அப்புறம் மூங்கில் மத்தால் நுரை வரும்வரை கலக்க வேண்டும். கைப்பழக்கம் சீக்கிரம் வந்துவிட்டது. கிண்ணத்தைத் தருவதும் வாங்குவதும்தான் நேரம் எடுத்தன. உபசரிப்பவர் கிண்ணத்தின் அழகான முகப்பை விருந்தினர் பக்கம் திருப்பித் தருகிறார். விருந்தினரோ அந்த முகப்பில் வாய் வைக்கத் தயங்கி, சற்றுத் திருப்பிய பிறகே குடிக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் இந்த இடத்தில்தான் சடங்கின் தத்துவம் முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1591இல் ஹிதெயோஷியின் ஆணைப்படி ரிக்யூ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கடைசியாக அவர் செதுக்கிய, தேயிலைத்தூள் அள்ளும் மூங்கில் கரண்டிக்கு ‘கண்ணீர்’ என்று பெயர். அதைப் பெற்ற சீடர் ஃபுருத்தா ஒரிபே, ஜன்னல் வைத்த உறை செய்து, அதன் வழியாகக் கரண்டியை வணங்கினாராம். இன்று அது நகோயாவின் தொக்குகாவா கலைக்கூடத்தில் உள்ளது. அதன் படத்தைக் காட்டிய அன்று கூட்டம் நெடுநேரம் கலையவில்லை.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். மத்துகளின் பற்கள் முறிந்துவிட்டன. நாராவின் தக்காயாமாவில் செய்தவை வாங்க நிதி வேண்டும். அடுத்தது, முழங்கால் வலியால் மூத்த உறுப்பினர்கள் சிலர் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். உராசென்கே என்ற தேநீர் மரபின் ஆசான் கென்கென்சாய் 1872இல் வெளிநாட்டு விருந்தினருக்காக மேசை நாற்காலி முறை ஒன்றை வகுத்தார். அந்த ரியூரெய் முறையிலேயே இனி வகுப்புகளை நடத்தலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்