சேகர் பேச்சைக் கேட்டால் இப்படித்தான்

அன்புள்ள ரகு,

இங்கு அனைவரும் சுகம். என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, சின்னவள் வேலையை மாற்றிவிட்டாள், வேறு விசேஷமில்லை. உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் வசந்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "பதினோரு பேர் ஆளுக்கொரு திசையில் ஊதுகிறான்கள், இதற்குப் பெயர் இசையா?" என்று கேட்டிருக்கிறாயே!

ஜாஸ் கேட்க ஆசைப்பட்டவன் நேரே சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனின் 'அசென்ஷன்' ஆல்பத்தில் போய் விழுந்தால் வேறென்ன ஆகும்? அதுவும் சேகர் சொன்னானாம். நீச்சல் கற்றுத் தருகிறேன் என்று உன்னைக் கிணற்றில் தள்ளிவிட்டவன்தானே அவன்! அந்த நாற்பது நிமிஷத்தை நீ முழுசாகக் கேட்டாய் என்பதே எனக்கு ஆச்சரியம்.

சரி, 1959-க்குப் போ. அந்த ஒரு வருஷம் போதும் உனக்கு. டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தை எல்லோரும்தான் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். அதில் 'ஸோ வாட்' என்று முதல் உருப்படி. 16 பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) ஒரே ஸ்கேல், அதாவது ஒரே சுர வரிசை, பிறகு 8 பார் அரைச் சுரம் மேலே, மறுபடி 8 பார் பழைய இடம். இவ்வளவுதான் அஸ்திவாரம். அந்த மேலேறும் இடம் உன் காதுக்குத் தட்டுப்பட்டுவிட்டால், வாசிப்பவர் எங்கே நிற்கிறார் என்று அதற்கப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டாம். டேவ் ப்ரூபெக்கின் 'டைம் அவுட்' ஆல்பம் பற்றி எழுத ஒன்றுமில்லை, அதிலுள்ள 'டேக் ஃபைவ்' தானாகவே உன்னைத் தேடி வந்திருக்கும்.

பேஸ் வாசிக்கும் சார்லஸ் மிங்கஸை மட்டும் விட்டுவிடாதே. பேஸ் என்றால் கீழ் ஸ்தாயியில் பேசும் பெரிய தந்தி வாத்தியம். 'மிங்கஸ் ஆ உம்' ஆல்பத்தில் 'குட்பை போர்க் பை ஹாட்' என்று ஒன்று உண்டு. லெஸ்டர் யங் என்ற சாக்ஸபோன் மேதை அந்த வருஷம் மார்ச்சில் இறந்தார். அவர் போட்டுக்கொண்டிருந்த தொப்பியின் பெயரில் மே மாதம் இதைப் பதிவு செய்தார்கள். பாலுவைக் கடைசியாக வழியனுப்பிவிட்டு வந்த ராத்திரி இதைத்தான் போட்டேன். அங்கே நான் கல் மாதிரி நின்றதை நீ பார்த்தாய். அழுகை வந்தது இங்கேதான். பாலுவுக்கு ஜாஸ் என்றாலே ஆகாது, கூடவே இருந்திருந்தால் நிறுத்துடா என்றிருப்பான்.

இனிமேல்தான் உன் சிக்கலுக்கு வருகிறேன். ஆர்னெட் கோல்மன் என்ற சாக்ஸபோன்காரர். அதே 1959, 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்', முதல் உருப்படி 'லோன்லி வுமன்'. இவர் குழுவில் பியானோ கிடையாது. கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒரே சமயத்தில், போட்டு வழிகாட்ட ஆள் இல்லை என்பதால்தான் புதிதாகக் கேட்பவனுக்குத் திசை தெரியாமல் போகிறது. முதல் தடவை சார்லி ஹேடனின் பேஸை மட்டும் பிடித்துக்கொள். கனமாக, ஒரே இடத்தில் நின்று முனகும். அடுத்த தடவை டிரம்ஸ்: பில்லி ஹிக்கின்ஸின் சிம்பல் தட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் இருக்கும். மேலே சாக்ஸபோனும் டிரம்பெட் மாதிரியான கார்னெட்டும் எந்த அவசரமும் இல்லாமல் ஓர் ஒப்பாரியை இழுத்துக்கொண்டிருக்கும். ஓட்டத்தின் மேல் ஒப்பாரி! இந்த இரண்டு வேகமும் ஒரே சமயத்தில் காதில் விழுந்த நொடி எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆர்னெட் கையில் இருந்தது பிளாஸ்டிக் சாக்ஸபோன், தெரியுமா? நியூயார்க்கில் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் அவர் வாசிக்க வந்தபோது பெரிய வித்வான்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். ஆகவே உன் தலைவலி கௌரவமான தலைவலிதான்.

அப்புறம் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பம். கடைசிப் பகுதியான 'சாம்' என்பதைக் கேட்கும்போது, ஆல்பத்தோடு அச்சான கோல்ட்ரேனின் கவிதையைக் கையில் வைத்துக்கொள். சாக்ஸபோன் அதை அசை அசையாக வாய்விட்டுப் படிக்கிறது. 'தேங்க் யூ காட்' வரும் இடங்களை நீயே கண்டுபிடிப்பாய். இது பதிவானது 1964 டிசம்பர். நீ திட்டித் தீர்த்த 'அசென்ஷன்' 1965 ஜூன். நடுவில் ஆறே மாதம், அதே மனிதர், அதே பியானோ, பேஸ், டிரம்ஸ் ஆட்கள்! அந்தக் கூச்சலிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: எல்லோரும் சேர்ந்து ஊதுவார்கள், ஒருவர் தனியாக வருவார், மறுபடி கூட்டம், அடுத்தவர். அந்தத் தனி ஆட்களுக்காக மட்டும் காத்திருந்து கேள்.

அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் விட்டுத்தள்ளு, யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை. பியானோக்காரர் சிசில் டெய்லர் எனக்கு இன்னமும் பிடிபடவில்லை, போட்டால் பாதியில் எழுந்து போய்விடுகிறேன். சேகரிடம் இதைச் சொல்லித் தொலைக்காதே.

ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீ. ஜாஸைத் திட்ட மூன்று பக்கம் இருந்ததல்லவா? உடனே எழுது.

உன்,
நடராஜன்