உங்கள் மணலில் பிறந்த மல்லி

மதுரை,
வைகாசி 10

அன்புள்ள சிநேகிதிக்கு,

நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணன் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? தங்கச்சிமடத்தில் உன் வீட்டிலிருந்து ஊர் வந்து சேர்ந்த அன்று போனில் இரண்டு வார்த்தை சொன்னதோடு சரி, உட்கார்ந்து எழுத ஒரு மாதம் கழித்து இன்றைக்குத்தான் வாய்த்தது. போனில் பேசினால் நீ முட்டியில் ஆரம்பிப்பாய், நான் சர்க்கரையில் முடிப்பேன். பூவைப் பற்றிப் பேச இடமே இருக்காது. அதனால்தான் கடிதம்.

முதலில் நாற்று விஷயம். கொண்டுவந்த பன்னிரண்டு மல்லி நாற்றில் ஒன்பது பிழைத்துவிட்டன. ரயிலில் ஈரச்சாக்கோடு மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் கருவாடு என்று நினைத்துப் பரமக்குடி வரைக்கும் மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டே இருந்தார். பிறகு நான் சாக்கைப் பிரித்துக் காட்டியதும், "எனக்கு ரெண்டு தாங்களேன்" என்றார். தரவில்லை. தந்திருக்கலாம், ஏனென்றால் மூன்றை நானே கொன்றுவிட்டேன். பாசத்தில் காலையிலும் சாயங்காலத்திலும் குடம் குடமாக ஊற்றினேன். உங்கள் மணலில் ஊற்றிய தண்ணீர் கண் இமைப்பதற்குள் இறங்கிவிடுகிறது. எங்கள் கொல்லை மண் களி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வேர் அழுகி இலை மஞ்சளானபோதுதான் அந்த நாற்றுக்கார அக்கா சொன்னது நினைவு வந்தது: "மல்லிக்குக் கால் நனையணும், தண்ணியில நிக்கக் கூடாது." மீதியைக் காப்பாற்ற, மானாமதுரைத் தொட்டிகள் வாங்கி, மணலும் தொழுவுரமும் கலந்து மாற்றி வைத்தேன். இந்த வெயிலில் நாற்று நடுவதே தப்பு, ஆனி, ஆடி வரை பொறுத்திருக்க வேண்டும் என்று இவர் தினமும் சொல்கிறார். சரிதான். ஆனால் உன் வீட்டுக்குப் பின்னால் அந்தப் பாத்திகளைப் பார்த்த பிறகு யார் வெறுங்கையோடு வருவார்கள்?

அதைப் பற்றித்தான் உன்னிடம் ஒரு கோபம் இருக்கிறது. நாற்பது வருஷமாக உன்னிடம் மதுரை மல்லி, மதுரை மல்லி என்று பீற்றிக்கொண்டிருக்கிறேன். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானே வாங்கிக் கொடுத்த மாதிரி உனக்குப் போன் போட்டேன். நீ சிரித்தாய், ஒன்றும் சொல்லவில்லை. இப்போதல்லவா தெரிகிறது அந்தச் சிரிப்பு! தங்கச்சிமடத்தில் தென்னைகளுக்கு நடுவே பாத்தி பாத்தியாக நின்றதே, முழங்கால் உயரம்கூட வராத நாற்று, அதுதான் எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு வருகிறது என்று அந்த அக்கா சொன்னபோது எனக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திருமங்கலம், உசிலம்பட்டி என்று எங்கள் ஊர்ப் பெயர்களை அவர் எங்களைவிட அலுப்பில்லாமல் சொன்னார். ஏன்டி அன்றைக்கே சொல்லவில்லை?

அவர் நாற்றை எடுத்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பிடுங்கினார் என்று சொல்ல முடியாது. குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு விரலால் தண்டைப் பிடித்து லேசாக ஆட்டினார். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு வேர்கூட அறாமல் வெள்ளை நூல்போல வெளியே வந்தது. அதை உதறி, அடுத்ததை எடுத்து, கைநிறையச் சேர்ந்ததும் நாரால் ஒரு சுற்று. எங்கள் களியில் அப்படி இழுத்தால் பாதி வேர் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அந்த மணலும், சில அடி தோண்டினாலே வரும் அந்த நல்ல தண்ணீரும் இருப்பதால்தான் இந்தத் தொழிலே அங்கே நடக்கிறது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் என்பதை நான் குடித்துப் பார்த்த பிறகுதான் நம்பினேன். நீ மதுரையில் பிறந்து அந்த ராமேஸ்வரம் தீவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாய். மல்லி அங்கே பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறது. கணக்கு சரியாகிவிட்டது போல.

உன் தோட்டத்தைப் பற்றி நீ எப்போதும் குறையாகத்தான் சொல்வாய். ரோஜா வரவில்லை, கனகாம்பரம் கருகிவிட்டது என்று. வந்து பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்கு மேற்கே செம்பருத்தி ஒரு சேதமும் இல்லாமல் இருக்கிறது, கிழக்கே அதே செம்பருத்தி இலை விளிம்பெல்லாம் பீடி சுட்டாற்போல் பழுத்துக் கிடக்கிறது. சுவர் மறைக்கிற உயரம் வரை பச்சை, அதற்கு மேலே உப்புக்காற்று தின்ற பழுப்பு. கோடு போட்ட மாதிரி. ஆனால் அரளிக்கும் காகிதப்பூவுக்கும் அந்த உப்பு ஒன்றுமே செய்யவில்லையே! காகிதப்பூ இலையே தெரியாமல் பூத்திருந்தது, தண்ணீர் குறைந்தால்தான் அது அப்படிப் பூக்கும். நித்தியகல்யாணி மணலில் தானாக முளைத்து, வழியெல்லாம் வெள்ளையும் ரோஸுமாக நின்றது. அதை நீ களை என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டிருந்தாய். உனக்குப் புண்ணியமாகப் போகும், விட்டுவிடு.

காலை நடையை மறக்க முடியவில்லை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகு போகாது என்று அண்ணன் சொன்னார். ஆண்களெல்லாம் வீட்டு வாசலில் வலை பின்னிக்கொண்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் இருந்தார்கள். உங்கள் தெருவில் சித்திரை, வைகாசியில் செடிகள் நன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ. தெரு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் அடப்பங்கொடி. ஆட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்த இலை, ஊதா நிறத்தில் புனல் போன்ற பூ. ஏழு மணிக்குப் பார்த்தபோது எல்லாம் விரிந்திருந்தன. பத்து மணிக்கு நீ மீன் வாங்க மறுபடி கூட்டிப் போனபோது பாதி சுருங்கிப் போயிருந்தது. அதை யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, மணலைக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது.

பூவரசைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. காலையில் எலுமிச்சை மஞ்சளில், உள்ளே கருஞ்சிவப்புப் பொட்டோடு பூத்திருந்ததை நீ காட்டினாய். சாயங்காலம் அதே கிளையில் அதே பூ செங்கல் நிறத்துக்கு மாறித் தொங்கியது. வேறு பூ என்று நான் சண்டை போட்டேன், நீ மறுநாள் காலை ஒரு பூவின் காம்பில் நூல் கட்டி வைத்து நிரூபித்தாய். ஸ்கூலிலும் இப்படித்தான், கணக்கில் எனக்கு விடை வந்தாலும் நீ வழிமுறை கேட்பாய்.

இப்போது எங்கள் பக்கம். வெயில் அடிக்கிற அடியில் பகல் பதினொன்றுக்கு மேல் தெருவில் நாய்கூட நடப்பதில்லை. ஆனால் சரக்கொன்றைக்கு இந்த வெயில்தான் வேண்டும். எங்கள் தெரு முனையில் உள்ள மரம் இலையை உதிர்த்துவிட்டு முழுக்க மஞ்சள் சரமாக நிற்கிறது. போன வாரம் கம்பியில் படுகிறது என்று தெருப்பக்கக் கிளையை வெட்டிவிட்டார்கள். பூ முடிந்த பிறகு வெட்டக்கூடாதா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் எங்களுக்கு ஆர்டர் இல்லம்மா" என்றார் மேலே ஏறியிருந்தவர். வெட்டிய கிளையிலிருந்த பூவைப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளையாருக்குச் சாற்றினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, என்றாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அழகர் ஆற்றில் இறங்கினதை இந்த வருஷமும் டிவியில்தான் பார்த்தேன், அந்தக் கூட்டத்தில் நிற்க இனி நம்மால் ஆகாது. முதல் நாள் தல்லாகுளத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையை அவர் சூடிக்கொள்வதைப் பார்க்க மட்டும் போனேன். காலேஜில் படிக்கும்போது நாம் இருவரும் அங்கே செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தோமே, நினைவிருக்கிறதா? தார் ரோடு இன்னும் அப்படியேதான் சுடுகிறது.

மல்லி இப்போது மலிவு. தை மாதம் முகூர்த்த நாளில், குளிரில் பூ இல்லாமல், கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும்போது எங்கள் பூக்காரம்மா முழத்தை முழங்கையிலிருந்து அளக்காமல் அதற்கும் மேலே எங்கிருந்தோ அளப்பார். இப்போது கோடையில் செடிக்குச் செடி பூ, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக இறங்குகிறது. அளந்து முடித்த பிறகும் ஒரு சாண் சேர்த்து விடுகிறார். பறிக்கிறவர்கள் பாடு அப்படியே இருக்கிறது. மலிவோ கிராக்கியோ, அவர்கள் இருட்டோடு டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மொட்டு மார்க்கெட்டில் இருந்தால்தான் விலை.

ஒன்று கவனித்தாயா? உன் வீட்டில் அத்தனை மல்லி பூத்தும் இரவில் வாசம் அவ்வளவாக வரவில்லை. பூவில் குறை இல்லை, பறித்து முகர்ந்து பார்த்தேன். காற்று ஒரு நிமிஷம் நிற்பதில்லை, மணத்தையெல்லாம் கடலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. இங்கே கோடை இரவில் இலை அசையாது. எட்டு மணிக்குத் தெருவில் யாராவது தலையில் வைத்துக்கொண்டு நடந்து போனால், போய் வெகுநேரம் கழித்தும் வாசம் அங்கேயே நிற்கும். புழுக்கத்தால் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் இது.

பிழைத்த ஒன்பதில் ஒன்று நேற்று இரண்டு மொட்டு விட்டிருக்கிறது. செடி தேறும் வரை கிள்ளிவிட வேண்டும் என்று அந்த அக்கா சொல்லியிருந்தார். ஒன்றைக் கிள்ளினேன். இன்னொன்றை வைத்திருக்கிறேன், நாளைக்கோ மறுநாளோ வெள்ளையாகும். உன்னிடம் சொன்னதாக அவரிடம் சொல்லாதே.

அடுத்த மாதம் கண் ஆஸ்பத்திரிக்கு வரும்போது இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. பூவரசு இலை பத்துப் பதினைந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வா. பேத்திக்குப் பீப்பி செய்து தருவதாகச் சொல்லிவிட்டேன், இந்தத் தெருவில் ஒரு பூவரச மரம் இல்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி